அக்காவைத் தேடிய வாரம்

எழுபதுகளின் கடைசியில் நான் ஈப்போவில் ஒரு சட்டைத் தொழிற்சாலையில் தைத்துக்கொண்டிருந்தேன். அங்கே சிலிபின் பக்கம் பெண்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தோம். அம்மாவும் அக்காவும் சிம்பாங் பூலாய்க்கு உள்ளே தள்ளி ஒரு ரப்பர் தோட்டத்தில், தனித்தனி லயத்து வரிசை வீடுகளில் இருந்தார்கள். "வீட்டில் அவசரமாம், உடனே புறப்படு" என்று சூப்பர்வைசர் வந்து சொன்னபோது அம்மாவுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன். அக்கா என் நினைப்பிலேயே வரவில்லை. அவளுக்கு ஏதாவது ஆகும் என்று யாருக்குத் தோன்றும்? காய்ச்சலில்கூட வேலைக்குப் போகிறவள்.

பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மடியில் மார்க்கெட் கூடை. வாய் ஓயவில்லை.

"அந்தக் கல்லுமலைத் தோட்டத்துல பால்மரம் வெட்டுற ஒருத்தி ஓடிட்டாளாம்லா, கேள்விப்பட்டியா?"

"ஐயோ, யாரு கூட?"

"லோரிக்காரனாம். நிரையில வாளியப் போட்டது போட்டபடி இருக்காம். அப்படியே ரோட்டுல ஏறிப் போய்ட்டா. புருஷன் குவாரியில ராத்திரி ஜாகா. புள்ளையும் இல்ல. அப்பறம் என்னா?"

கல்லுமலை எங்கள் தோட்டம். அங்கிருந்து குவாரிக்குக் காவல் வேலைக்குப் போகிறவர் ஒருவர்தான். என் அத்தான். எழுந்து நின்று, "அது எங்க அக்கா. அவ அப்படிப்பட்டவ இல்ல" என்று கத்திவிட்டேன். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அந்த இரண்டு பேரும் வெட்கப்படுவார்கள் என்று நினைத்தேன். நகர்ந்து இடம் கொடுத்தார்கள். "உக்காரும்மா" என்றாள் ஒருத்தி. அடுத்த மூச்சில், "முன்னாடியே உனக்கு ஏதாச்சும் சாடைமாடையாத் தெரியுமாலா?" என்று கேட்டாள்.

தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆபீஸ் முன்னால் போலீஸ் ஜீப் நின்றது. அம்மா லயத்து வாசலில் தரையில் கிடந்தாள். என்னைப் பார்த்ததும், "நீயாச்சும் சொல்லு, நீயாச்சும் சொல்லு" என்று என் காலைப் பிடித்துக்கொண்டாள். என்ன சொல்ல வேண்டும் என்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

நடந்ததாக எல்லோரும் சொன்னது இதுதான். முதல் நாள் காலை பெரட்டில், அதாவது விடியுமுன் ஆட்களை நிற்க வைத்துப் பேர் கூப்பிடும் இடத்தில், அக்கா இருந்தாள். பிறகு அவளுக்கென்று ஒதுக்கிய மரங்கள் இருக்கும் நிரைக்குப் போய், பாலுக்காகப் பட்டை சீவி மரம் வெட்டத் தொடங்கினாள். முன் வரிசை மரங்களில் புதிதாகக் கத்தி பட்டிருந்தது, மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணங்களில் பால் இறங்கியிருந்தது. அவளுடைய வாளிகள் நிரைத் தலைப்பில் இருந்தன. மதியம் பால் நிறுக்க அவள் வரவில்லை. அவளுடைய நிரை பெரிய ரோட்டை ஒட்டியது. லோரிகள் நாள் முழுக்க அந்த வழியாகத்தான் கல் ஏற்றிப் போகும். ஆகவே, வெட்டிக்கொண்டிருந்தவள் பாதியில் ரோட்டுக்குப் போயிருக்கிறாள், அல்லது ரோட்டிலிருந்து யாரோ வந்து இழுத்துப் போயிருக்கிறான். போலீஸ் அப்படித்தான் எழுதிக்கொண்டது. ஊரும் அப்படித்தான் பேசியது. ஊருக்கு முதல் பாதிதான் பிடித்திருந்தது.

போலீஸ் நாய் கொண்டுவந்தார்கள். மதியம் பெய்த மழையில் தரை ஊறிக் கிடந்தது. நாய் வாளியை முகர்ந்தது, இரண்டு சுற்று சுற்றியது, உட்கார்ந்துவிட்டது. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். சாயங்காலம் கள்ளுக்கடைப் பேச்சில் அந்த நாய் ரோடு வரைக்கும் ஓடி, தெற்கே பார்த்துக் குரைத்ததாம். மறுநாள் காப்பிக்கடையில் அதே நாய் தெலுக் இந்தான் போகிற லோரியைத் துரத்தியதாம். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் அந்த நாய் லோரிக்காரனின் பேரையும் சொல்லியிருக்கும்.

பத்திரிகைக்காரர் ஒருவர் வந்து படம் கேட்டார். அக்காவின் படம் என்று எங்களிடம் இருந்தது கல்யாணப் படம் ஒன்றுதான். கழுத்து நிறைய, காது நிறைய, நெற்றிச்சுட்டி வரைக்கும் நகை. எல்லாம் ஈப்போவில் ஒருநாள் வாடகைக்கு எடுத்த கவரிங். படம் வெளிவந்த அன்றே பேச்சு மாறியது. இத்தனை நகை போட்டிருந்தவளை நகைக்காகக் கொன்றிருப்பார்கள் என்று ஒரு கட்சி. நகையோடு ஓடிவிட்டாள் என்று இன்னொரு கட்சி. எங்கிருந்தோ ஆட்கள் சைக்கிளில் வந்து, ரோட்டோரமாக நிறுத்தி, அக்காவின் நிரையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஐஸ் விற்கிறவன்கூட அங்கே வந்து மணி அடித்தான். எனக்கு அவனைக் கல்லால் அடிக்க வேண்டும்போல இருந்தது.

தெலுக் இந்தான் மார்க்கெட்டில் அவளைப் பார்த்ததாக ஒருவர் சொன்னார். தலை பின்னி, பூ வைத்து, ஓர் ஆளோடு மீன் வாங்கிக்கொண்டிருந்தாளாம். போலீஸ் அங்கே போனது. நானும் அத்தானும் பின்னாலேயே பஸ் பிடித்துப் போனோம். மீன்கடை, காய்கறிக்கடை, ஆற்றங்கரை என்று படத்தைக் காட்டிக் காட்டிக் கேட்டோம். ஒரு சீனக் கிழவி நகையைப் பார்த்து "சந்தேக்" என்று சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். அழகாக இருக்கிறதாம். திரும்பும் வழியில் அத்தான் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, "நெசமாவே போய்ட்டாளா பாப்பா?" என்று என்னிடம் கேட்டார். அவளோடு குடித்தனம் நடத்திய மனுஷன் கேட்கிற கேள்வியா இது! ஆனால் அவரையும் முழுக்கக் குற்றம் சொல்ல முடியாது. காலையிலிருந்து மாலை வரை காதில் ஒரே பேச்சு விழுந்தால் எவனுக்கும் புத்தி கலங்கும். எனக்கே ஒரு கணம், அவள் தெலுக் இந்தானில் மீன் வாங்கிக்கொண்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று தோன்றியது. யாரோடாவது இருக்கட்டும், உயிரோடு இருக்கட்டும்.

அம்மா சாப்பிடவில்லை. கோயிலுக்கும் ஆபீசுக்கும், பாலாய் என்கிற போலீஸ் ஸ்டேஷனுக்குமாக நடந்துகொண்டே இருந்தாள். பாலாயில் உட்காரச் சொன்னாலும் உட்காரமாட்டாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். எங்கள் பேச்சைக் கேட்ட ஒரே ஆள் அங்கிருந்த மலாய்க்கார சார்ஜன்தான். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர், தமிழ் பேசுவார். "அம்மா, அவ கடைசியா எங்க இருந்தான்னு தெரிஞ்சாதானே நான் தேட முடியும். காலையில நிரையில இருந்தா. அங்கேருந்துதான் தேடுறோம்" என்றார். ரோட்டின் இரண்டு பக்கமும், ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஈயம் தோண்டிய குட்டைகளும் சல்லடை போட்டுத் தேடப்பட்டன. குட்டையில் ஆட்கள் முங்கி முங்கி எழுந்தபோதெல்லாம் கரையில் கூட்டம் "ஆ" என்றது. ஒவ்வொரு முறையும் அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

அந்த வார முடிவில், தண்ணீர்க் குழாயடியில் அக்காவின் பக்கத்து வீட்டுக்காரி என்னைப் பார்த்து அழுதாள். அக்காவின் அடுத்த நிரை அவளுடையது. அவர்கள் இருவரும் ஒரே தட்டில் சாப்பிடுகிறவர்கள். தெரிந்தவர்களெல்லாம் கதை கட்டிய அந்த நாட்களில் இவள் மட்டும் வாயே திறக்கவில்லை. அதனால்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. கையைப் பிடித்து, "உங்களுக்கு ஏதோ தெரியும்க்கா. சொல்லுங்க" என்றேன்.

"தங்கச்சி, அன்னைக்கிக் காலைல அவ வரவே இல்ல" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"பெரட்டுல பேரு கூப்பிட்டாங்க. நான்தான் 'இருக்கு'ன்னு சொன்னேன்."

இது எங்கள் தோட்டத்தில் எல்லோரும் செய்வதுதான். பேர் கூப்பிடும்போது ஆள் இல்லாவிட்டால் அன்றைக்கு வேலை கிடையாது, வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். யாருக்காவது வயிற்று வலி, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று தாமதமானால், பக்கத்தில் நிற்கிறவள் இருட்டில் குரல் கொடுத்துவிடுவாள். கங்காணிக்கும் தெரியும். தெரியாததுபோல அடுத்த பேருக்குப் போய்விடுவார். வருகிறவள் பின்னால் வந்து சேர்ந்துகொள்வாள். அதுவரைக்கும் அவளுடைய வாளியை ஸ்டோரிலிருந்து எடுத்து வந்து நிரையில் வைப்பது, கண்ணுக்குத் தெரிகிற முன் வரிசை மரங்களை வெட்டிவிடுவது, எல்லாம் குரல் கொடுத்தவளின் பொறுப்பு. அக்கா இவளுக்காக எத்தனையோ தடவை செய்திருக்கிறாள். அன்று இவள் செய்தாள். அக்கா வரவில்லை.

போலீஸ் பார்த்த புது வெட்டு, வாளி, மங்கில் இறங்கிய பால், அத்தனையும் இவள் கை வேலை.

"அதுக்கு மொத நாளு சாயங்காலம் அவளப் பாத்தேன்லா. ஆடு வரலன்னு கயித்த எடுத்துக்கிட்டு பின்னால கல்லுமலைப் பக்கம் போனா. இருட்டுனதும் ஆடு தானா வந்திருச்சு. நான்தான் கட்டுனேன். ஒங்க அத்தான் ராத்திரி வேலைக்குப் போய்ட்டாரு, அவளும் வந்து படுத்திருப்பான்னு நெனச்சேன்."

கல்லுமலை லயத்துக்குப் பின்னால் இருந்தது. ரோட்டுக்கு நேர் எதிர்த் திசை. அந்தப் பக்கம் ஒருவர்கூடப் போகவில்லை.

"ஏங்க்கா சொல்லல? ஏங்க்கா?" என்று அவளைப் பிடித்து உலுக்கினேன்.

"கங்காணி முந்திக்கிட்டு, 'பெரட்டுல என் கண்ணால பாத்தேன்'னு தொரைகிட்ட சொல்லிட்டாரு. நான் மாத்திச் சொன்னா எங்க ரெண்டு பேருக்கும் வேல போயிரும், வீட்டக் காலி பண்ணச் சொல்லிருவாங்க. அப்பறம்…" அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "எல்லாரும் லோரிக்காரன்னு சொன்னாங்கல்ல. ஆடு தேடுறேன்னு என்கிட்ட பொய் சொல்லிட்டுப் போய்ட்டான்னு நானும் நம்பிட்டேன். எங்கயோ நல்லா இருக்கட்டும், நாம ஏன் காட்டிக் குடுக்கணும்னு இருந்தேன்."

அதைக் கேட்டபோது எனக்கு வந்தது கோபமா, பயமா என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை. அவளை இழுத்துக்கொண்டு ஓடினேன். அம்மாவும் பின்னால் ஓடிவந்தாள். பாலாய்க்குப் போகும் வழியெல்லாம் பக்கத்து வீட்டுக்காரி, "என் புள்ளைங்க எங்க போகும்லா, என் புள்ளைங்க எங்க போகும்லா" என்று புலம்பிக்கொண்டே வந்தாள். ஆனால் கையை விடுவித்துக்கொண்டு ஓடவில்லை. சார்ஜன் முன்னால் நின்று எல்லாவற்றையும் அவளே சொன்னாள். அவர் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பிறகு வெளியே போய் ஜீப்பைக் கிளப்பச் சொன்னார்.

மலையடிவாரத்தில் லாலான் புல் ஆள் உயரம் வளர்ந்திருந்தது. அந்தக் காலத்தில் யாரோ ஈயம் தேடித் தோண்டி மூடாமல் விட்ட குழிகள் அங்கே இருந்தன. புல் மூடியிருந்ததால் கால் வைக்கும் வரை தெரியாது. அக்கா அதில் ஒன்றுக்குள் கிடந்தாள். முதலில் கயிறுதான் கண்ணில் பட்டது, பிறகு அவள் கை. ஒரு போலீஸ்காரர் உள்ளே இறங்கினார். கீழேயிருந்து அவர், "ஹிடுப்! ஹிடுப்!" என்று கத்தினார். உயிரோடு இருக்கிறாள் என்றார். அம்மா அப்படியே மண்ணில் விழுந்து கும்பிட்டாள். நான் வாய்விட்டு அழுதேன். அத்தானை இரண்டு பேர் தாங்கிப் பிடித்தார்கள்.

இடுப்பும் ஒரு காலும் உடைந்திருந்தன. குழியில் கசிந்து தேங்கிய மழைத் தண்ணீரைக் குடித்து உயிரோடு இருந்திருக்கிறாள். காலில் புண் அழுகி விஷம் உடம்பெல்லாம் ஏறிவிட்டது என்று ஈப்போ ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இரண்டு நாள் முன்னால் கொண்டுவந்திருந்தால் காலை எடுத்தாவது காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர். அதை அவர் எங்களைக் குற்றம் சொல்லும் குரலில் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார்.

வார்டு வாசலிலும் ஆட்கள் வந்து நின்றார்கள். "ஆட்டத் தேடித்தான் போனாளா, வேற யாரையாச்சும் பாக்கப் போனாளா, யாருக்குத் தெரியும்லா" என்று ஒரு பெண் சொன்னது என் காதில் விழுந்தது. உள்ளே படுத்திருந்தவள் காதிலும் விழுந்திருக்கும். இந்தத் தடவை நான் கத்தவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

மறுநாள் அக்காவுக்குக் கொஞ்சம் தெளிவு வந்தது. அத்தான் கட்டிலின் கால்மாட்டில் நின்று தலை குனிந்து அழுதுகொண்டிருந்தார். அக்கா அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். குரல் முழுக்க உடைந்துபோயிருந்தது. காதை அவள் வாயருகே கொண்டுபோனேன்.

"என்னைய எங்கடி தேடுனீங்க?" என்று கேட்டாள்.

"எல்லா எடத்துலயும் தேடுனோம்க்கா" என்றேன்.

"நான் சத்தம் போட்டுக்கிட்டேதான் இருந்தேன்" என்றாள். "நீங்க வேலைக்குப் போற சத்தம், வர்ற சத்தம் எல்லாம் எனக்குக் கேட்டுச்சு."

அன்று சாயங்காலம் அக்கா இறந்துபோனாள்.