மாமனார் திருப்பி மாட்டிய பேட்டரி

என் வீட்டுக்காரருக்குக் கடைத்தெருவில் ‘கரண்டு’ என்று பெயர். எந்த வண்டியில் விளக்கு எரியாவிட்டாலும் அவர் ஒயரிங் கடையைத்தான் தேடி வருவார்கள். ஊரார் வண்டிக்கெல்லாம் ஒயர் இழுத்த மனுஷர், சொந்த வீட்டு வாசலில் நின்ற காரை மட்டும் இருபது வருஷம் தொட்டதில்லை. என் மாமனார் தொட விட்டால்தானே!

மாமனார் வாடகைக்கு ஓட்டிய பழைய கார் அது. கதவை ஓங்கி அடித்தால்தான் சாத்திக்கொள்ளும். கல்யாணமான அன்று நான் அழுதுகொண்டே இந்த வீட்டுக்கு வந்ததும் அதன் பின்சீட்டில்தான். மாமனாரும் போய்ச் சேர்ந்துவிட்டார், இன்னமும் அந்த ரெக்சின் வாசனை என் மூக்கை விட்டுப் போகவில்லை.

அதில் பேட்டரிக்குக் கரண்டு ஊட்டும் டைனமோதான் கிழடாகிவிட்டது. சிக்னலில் நின்றால் ஹெட்லைட் மங்கிவிடும். பொழுது சாய்ந்தால் வண்டியை எடுப்பதையே மாமனார் விட்டுவிட்டார். ஆனாலும் மகனைக் கேட்கமாட்டார். அவனுக்கு என்ன தெரியும் என்பார், அதுவும் இவர் காதுபட. இவருக்கு முகம் செத்துப்போகும். அப்பா வாயால் ஒரு ‘பரவாயில்லடா’ கேட்டுவிட வேண்டும், அவ்வளவுதான் இவர் ஆசை. வெளியே சொல்லமாட்டார், எனக்குத் தெரியாதா?

ஒருநாள் பொறுக்கமுடியாமல் நானே மாமாவிடம் சண்டைக்குப் போனேன். என்ன நினைத்தாரோ, சாவியை மகன் முன்னால் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

இவர் இரண்டு நாள் கடையே திறக்கவில்லை. டைனமோவைக் கழற்றி எறிந்துவிட்டு, அந்த வேலைக்கு இந்தக் காலத்து ஆல்டர்னேட்டர் மாட்டினார். இதற்கு ஒற்றை ஒயர் போதும், நேரே பேட்டரிக்குப் போய்விடும் என்று எனக்கு விளக்கம் வேறு. அந்தக் காலத்து வண்டியில் பேட்டரியின் பிளஸ்தான் பாடியோடு சேர்ந்திருக்குமாம். ஆல்டர்னேட்டருக்கு மைனஸ் சேரவேண்டுமாம், மாறினால் கருகிவிடுமாம். அதனால் பேட்டரியைத் திருப்பி மாட்டியிருந்தார். என்னிடம் இத்தனையும் சொன்ன மகராசன் அப்பாவிடம் சொல்லவில்லை.

சாயங்காலம் வண்டியை நிறுத்திவைத்து இன்ஜினை மட்டும் ஓடவிட்டும் ஹெட்லைட் மங்கவில்லை. மாமனார் வாசலில் நின்று பார்த்தார். பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலை இவர் குளித்துக்கொண்டிருந்தார். சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தால், மாமனார் பானட்டைத் திறந்துவைத்து, ஸ்பேனர் பிடியால் பேட்டரி மேல் எதையோ தட்டித் தட்டி மாட்டிக்கொண்டிருக்கிறார். பட்டென்று ஒரு பொறி. புகை. இவர் ஈரத் துண்டோடு ஓடிவந்தார். மாமனார் ஒயரைப் பிடுங்கிவிட்டு நின்றார், அதற்குள் ஆல்டர்னேட்டர் கருகிவிட்டது.

வந்த கோபத்தில் கரண்டியோடே நானும் வாசலுக்கு ஓடினேன். வேண்டுமென்றே கெடுத்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார்.

“என் தப்புதாம்ப்பா. பேட்டரியத் திருப்பி மாட்டியிருக்கேன்னு உங்ககிட்ட சொல்லியிருக்கணும். இதுக்கு அப்படித்தான் மாட்டணும்.”

மாமனார் ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

“அவசரத்துல நீ மாத்தி மாட்டிட்டேன்னு நெனச்சேன்டா. நீ குளிச்சிட்டு வர்றதுக்குள்ள பழையபடி மாட்டிச் சரி பண்ணிட்டா யாருக்கும் தெரியாதேன்னு…” குரல் இறங்கிவிட்டது. “பத்து மணிக்கு டாக்சி ஸ்டாண்டுல எல்லாரையும் இருக்கச் சொல்லியிருக்கேன். எம்பையன் வேலைய வந்து பாருங்கடான்னு.”

இவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். கோபப்பட்டதை நினைத்து எனக்கும் அழுகை வந்துவிட்டது.

பத்து மணிக்கு அப்பாவும் மகனும் நடந்தே ஸ்டாண்டுக்குப் போனார்கள். கருகின ஆல்டர்னேட்டரைக் கழற்றி, மாமனார்தான் இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போனார், எல்லாரிடமும் காட்ட.