மூச்சுவாங்கிக்கு ஒரு பெஞ்சு

இல்லாத ஆளுக்கு எதற்குப் பெஞ்சு? சித்தப்பா கிண்டலாகக் கேட்டபோது, சின்னப் பிள்ளையான நான் சித்தியிடமே போய்க் கேட்டேன்.

நகராட்சியில் வரைபடம் போட்டுவந்த சித்திக்கு அலுவலகத்தில் 'கதைக்காரி' என்றுதான் பெயர். எந்தத் தெருவை வரைந்தாலும், அதில் நடக்க ஓர் ஆளைக் கற்பனை செய்து முதலில் கதை எழுதிவிடுவாள். மேட்டுத் தெருவின் நாற்பது படிகளுக்கு அவள் படைத்தவள், மூட்டுவலிக்காரி மூச்சுவாங்கி. அவளுக்காகப் பதினெட்டாம் படியோரம் ஒரு பெஞ்சு வரைந்திருந்தாள்.

தலைமைப் பொறியாளர் சிவப்புப் பேனாவை எடுத்தார். "ஏம்மா, உங்க மூச்சுவாங்கி மனு ஏதும் குடுத்தாங்களா? பெஞ்சை எடுத்துடுங்க."

"கோடு அடிக்கிறதுக்கு முன்னாடி கதையில ஒரு பக்கம் மட்டும் கேளுங்க சார்" என்று சித்தி படிக்கத் தொடங்கினாள். மூச்சுவாங்கி இரண்டு கையிலும் பையோடு பதினெட்டாம் படிக்கு வந்துவிட்டாள், கால்கள் நடுங்குகின்றன. அங்கே நிறுத்திக்கொண்டாள் சித்தி.

"அப்புறம்?"

"அவ்வளவுதான் சார். பெஞ்சு இல்லைன்னா அவ அங்கேயே நிக்க வேண்டியதுதான்."

"பாவம்மா, எவ்வளவு நேரம் நிப்பா?" என்றவர், பேனாவை மூடிவிட்டுப் பென்சிலை வாங்கி, பெஞ்சுக்கு முதுகு சாய ஒரு பலகையும் சேர்த்து வரைந்தார்.

அதன்பின் எந்த வரைபடத்தை நீட்டினாலும் அவர் முதலில் கேட்டது, "இதுல யாரும்மா நடக்கிறா?" என்பதுதான். ஓய்வு பெற்ற சித்தி அந்தக் குரலை நினைத்து இன்றும் தனக்குள் சிரிக்கிறாள்.

தெரு போடுகிறவர்கள் யாரையாவது உங்களுக்குத் தெரியுமென்றால், இதை அவர்கள் காதில் போட்டுவையுங்கள்.