இரண்டு செம்புத் தண்ணீர்

தன் குடலைத் தன் கையாலேயே ஏந்திக்கொண்டுதான் அவர் ஆஸ்பத்திரிப் படியேறினார். கட்சிக்கரை வேட்டி இடுப்புக்குக் கீழே முழுக்கச் சிவந்திருந்தது. வயிற்றில் அழுத்திப் பிடித்திருந்த துண்டுக்குள் ஏதோ நழுவிக்கொண்டேயிருந்தது. திருவாரூருக்கும் கடலுக்கும் நடுவே இருந்த அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் நான் நர்ஸாகச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. சம்பா அறுவடைக் காலம். கூலித் தகராறில் வயல்கள் பாதி அறுத்தும் பாதி நின்றும் கிடந்தன. மதகடியில் காலை வெளிச்சத்திலேயே அவரைக் குத்தியிருந்தார்கள். யாரென்று கடைசிவரை தெரியவில்லை.

அவர் ஒரு பெரிய பண்ணையின் காரியக்காரர். முதலாளி மெட்ராஸில் இருந்தார். நிலம், ஆள், அடி எல்லாம் இவர் கையில். ஆட்சி மாறியதும் வேட்டியின் கரையை மாற்றிக்கொண்டார், சாட்டையை மாற்றவில்லை என்று ஊரில் சொல்வார்கள்.

டாக்டர் அவசரமாகக் குடலை உள்ளே தள்ளித் தைத்தார். வெளியே வந்து எங்களிடம், "உள்ள ரெண்டு எடத்துல ஓட்டை. தஞ்சாவூர் கொண்டுபோய்த்தான் சரியா தைக்கணும். அதுவரைக்கும் வாயில ஒரு சொட்டுத் தண்ணி போகக் கூடாது. போனா சீழ் புடிச்சுச் செத்துருவார்" என்றார். தஞ்சாவூர்ச் சாலையை மறியல்காரர்கள் அடைத்திருந்தார்கள். போலீஸ் வண்டியே திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. நாங்கள் காத்திருந்தோம்.

ஆண்கள் வார்டுக்கு ஒரே ஓர் ஆயாம்மாதான். முப்பத்தைந்து வயதிருக்கும். முந்தைய அறுவடையில் இதே காரியக்காரரின் ஆட்கள் அவள் புருஷனைக் களத்துத் தென்னையில் கட்டிவைத்து, முதுகுத் தோல் கிழிந்து தொங்கும்வரை அடித்தார்கள். அவன் தண்ணீர் கேட்டான். சாணியைக் கரைத்து மூங்கில் குழாயால் தொண்டைக்குள் ஊற்றினார்கள். அவளைப் பிடித்து நிறுத்திப் பார்க்க வைத்தார்கள். சாயங்காலத்துக்குள் அவன் செத்துப்போனான். சாட்சி சொல்ல ஒருவரும் வராமல் வழக்கு விழுந்தது. விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்காரர்கள் அலைந்து திரிந்து அவளுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்திருந்தார்கள்.

மயக்கம் தெளிந்து அவர் கண் விழித்தபோது, அவள் கட்டிலுக்கடியில் பினாயில் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நீ... அவன் பொண்டாட்டிதானே?"

"ஆமா" என்றாள். எந்த நோயாளியிடமும் 'ங்க' சேர்க்காமல் அவள் பேசி அதற்குமுன் நான் கேட்டதில்லை.

அவர் அலறினார். எழ முயன்றதில் தையலோரம் ரத்தம் கசிந்தது. "இவளை வெளிய அனுப்புங்க. இவ என்னைக் கொன்னுருவா." டாக்டர் வந்து அதட்டினார். அனுப்ப வேறு ஆள் இல்லை. அன்று முழுவதும் அவள் போகும் பக்கமெல்லாம் அவர் கண்கள் போயின. உதட்டை நனைக்க அவள் ஈரப்பஞ்சைக் கொண்டுபோனால் பல்லைக் கடித்து முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவள் பஞ்சைத் தட்டில் வைத்துவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போவாள். அந்த நிதானம் எனக்கே பயமாக இருந்தது.

இரண்டாம் நாள் நண்பகலில் அவர் நாக்கு காய்ந்து வெடித்திருந்தது. டாக்டர் போன் பேசத் தபாலாபீசுக்குப் போயிருந்தார். நான் ஊசித் தட்டோடு வார்டு வாசலுக்கு வந்தேன்.

"தண்ணி குடும்மா" என்று அவர் அவளிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"சாணி கரைச்சுக் கொண்டாரட்டா?"

அவர் அழுதார். கண்ணீர் வரவில்லை, முகம் மட்டும் கோணியது. "எதுன்னாலும் குடு. உன் கையால குடு."

அவள் பானையிலிருந்து ஒரு செம்பு மொண்டு வந்தாள். தலையைத் தூக்கிப் பிடித்துப் புகட்டினாள். பிள்ளைக்குப் புகட்டுவதுபோல, சிந்தாமல், நிறுத்தி நிறுத்தி. இன்னொரு செம்பும் கேட்டார். கொடுத்தாள். வாசலுக்கும் கட்டிலுக்கும் பத்தடி இருக்கும். நான் கத்தியிருக்கலாம். தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சாயங்காலத்துக்குள் வயிறு பலகைபோல் இறுகி உப்பியது. அவர் போட்ட கூச்சலில் மற்ற நோயாளிகள் பாயைச் சுருட்டிக்கொண்டு மரத்தடிக்குப் போய்விட்டார்கள். பச்சையாக வாந்தியெடுத்தார். தையலைத் தானே பிய்த்துக்கொள்ளப் போன கைகளை நாங்கள் நாலு பேர் அமுக்கிப் பிடித்தோம். ஒரு கையைப் பிடித்திருந்தது அவள். இருட்டுவதற்குள் அடங்கிவிட்டார்.

"யாராவது வாயில ஏதாச்சும் குடுத்தீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"இல்லீங்க சார்" என்றேன் நான். குறிப்பேட்டிலும் அப்படியே எழுதினேன். குத்துக் காயத்தாலேயே செத்திருக்கலாம், தஞ்சாவூர் போயிருந்தால் பிழைத்திருக்கவும் கூடும் என்று டாக்டர் பிறகு சொன்னார்.

மறுநாள் குழாயடியில் அவள் ரத்தத் துணிகளை அலசிக்கொண்டிருந்தாள்.

"பாத்தீங்கல்ல சிஸ்டரம்மா?"

"பாத்தேன்."

"சாவணும்னுதான் குடுத்தேன். ஆனா அவன் மடக்கு மடக்குன்னு குடிச்சப்ப எங்க வீட்டு ஆளு குடிக்கிறாப்ல இருந்துச்சு. பாவமாப் போச்சு. அதான் ரெண்டாவது செம்பு." துணியைப் பிழிந்து உதறியவள், என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க ஏன் தடுக்கல?"

அவள் உதறிய துணியை வாங்கிக் கொடியில் போட்டேன். அவள் மறுபடி கேட்கவில்லை. நான் மாற்றலாகிப் போகும்வரை ஆறு வருஷம் ஒரே வார்டில் வேலை பார்த்தோம். அவள் கணக்கில் இரண்டு காரணங்கள் இருந்தன, கோபம் ஒன்று, இரக்கம் ஒன்று. என்னிடம் இரண்டும் இல்லை. அவர் குடித்து முடிக்கட்டும் என்று காத்திருந்தேன், அவ்வளவுதான்.