ஏகாம்பரம் அண்ணன் தட்டிப் பார்த்த கிராங்குகள்

ஏகாம்பரம் அண்ணன் போன செவ்வாய்க்கிழமை காலையில், ஊரிகம் தங்கச் சுரங்கக் குடியிருப்பான ஸ்கெலட்டனில் தன் வீட்டில் இறந்துவிட்டார். சுலோச்சனா அண்ணி போன் செய்தபோது நான் பெங்களூரில் ஒரு பழைய என்ஜினை வாங்க விலை பேசிக்கொண்டிருந்தேன். "உங்க அண்ணன் போயிட்டாருப்பா" என்றார். போனைக் காதில் வைத்தபடியே நின்றேன். எதிரே நின்ற ஆள் நான் பிகு பண்ணுவதாக நினைத்து விலையைக் குறைத்துக்கொண்டே வந்தான்.

ஊரிகத்துக்காரர்களுக்கு அவரைத் தெரியும். ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் எந்தப் பேச்சானாலும் கடைசி வார்த்தை அவருடையதாக இருக்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சுரங்கம் மூடும்வரை கீழே வேலை பார்த்தவர். அதன்பிறகு என் பழைய இரும்புக் கடையில் கூட்டாளி.

பெங்களூரில் பெரிய என்ஜின் வைத்த பழைய அமெரிக்க மசில் கார்களைப் பிள்ளை மாதிரி வைத்துக் கொஞ்சுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த என்ஜின்களுக்குள் சுழலும் இரும்புத் தண்டான கிராங்க் ஷாஃப்டைத் தேடி எங்களிடம் வருவார்கள். அதில் இரண்டு வகை. உருக்கி அச்சில் ஊற்றியது காஸ்டிங். பழுக்கக் காய்ச்சி அச்சில் வைத்து அடித்து உருவாக்கியது ஃபோர்ஜிங். வேகமாக ஓட்டுகிறவனுக்கு ஃபோர்ஜிங்தான் வேண்டும், அதற்கு விலையும் பல மடங்கு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். உடம்பில் ஓடும் அச்சுக்கோடு நூலாக இருந்தால் காஸ்டிங், பட்டையாக இருந்தால் ஃபோர்ஜிங். இது எனக்குத் தெரியும். என்னிடம் விற்க வருகிற திருடனுக்கும் தெரியும். அவன் கோட்டைத் தேய்த்து அழித்துவிட்டுத்தான் கொண்டு வருவான். அதற்குப் பிறகு நம்புவதற்குச் சத்தம் ஒன்றுதான் மிச்சம்: ஃபோர்ஜிங் மணி போல ஒலிக்கும், காஸ்டிங் மொத்தென்று கேட்கும்.

முதல் தடவை அவர் கடைக்கு வந்தது வீட்டுக் கூரைக்கு இரும்பு ஆங்கிள் வாங்க. நான் ஒரு கிராங்கைத் தரையில் போட்டுச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இன்னா சேட்டு, பொணத்த எழுப்பிறியா? தரையில படுத்துக்கீறது எப்படி பேசும்? தூக்கி மாட்டு."

"நான் சேட்டு இல்லண்ணே."

"கடை வெச்சிக்கீறியே, அப்புறம் இன்னா?"

விட்டத்தில் கயிறு கட்டி இருவருமாக அதைத் தொங்கவிட்டோம். ஒரே தட்டு. மணி அடித்தாற்போல நீளமாக ஒலித்தது. சுரங்கத்தில் ஷிஃப்ட் ஆரம்பிக்குமுன் தலைக்கு மேலே இருக்கும் பாறையைக் கம்பியால் தட்டிப் பார்ப்பார்களாம். கணீரென்றால் உள்ளே போகலாம். மொத்தென்றால் கல் விட்டுப்போயிருக்கிறது, ஓடிவிட வேண்டும். "காது தப்பா கேட்டவன் எவனும் அடுத்த ஷிஃப்டுக்கு வரல" என்றார். அன்றைக்கே கூட்டுக்குப் பேசிவிட்டேன். ஆங்கிளை அவர் இனாமாகவே எடுத்துக்கொண்டு போனார். அதிலும் வளைந்திருந்த ஒன்றை மாற்றிக் கேட்டார்.

அவர் அடக்கமான ஆள் இல்லை. சரியாகச் சொன்ன ஒவ்வொரு கிராங்கைப் பற்றியும் டீக்கடையில் ஒரு வாரம் பேசுவார். ஒரு தடவை தப்பாகச் சொல்லிவிட்டார். மும்பையிலிருந்து வந்த கிராங்க் அது. மொத்தென்று கேட்டதால் காஸ்டிங் என்றார். நானும் காஸ்டிங் விலைக்குத் தள்ளிவிட்டேன். வாங்கிய வியாபாரி சோதனைக்குக் கொடுத்துப் பார்த்தால் அது அசல் ஃபோர்ஜிங். உள்ளே மயிரிழை விரிசல் இருந்ததால் சத்தம் செத்துப்போயிருந்தது. அண்ணன் இரண்டு நாள் டீக்கடைப் பக்கமே போகவில்லை. அதற்குப் பிறகு மொத்தென்று கேட்டால், "காஸ்டிங்கோ விரிசலோ, தெரியல" என்று சொல்ல ஆரம்பித்தார். அதையும் கஸ்டமர் முன்னாலேயே சொல்வார்.

"அண்ணே, தெரியலன்னு சொன்னா எவன் வாங்குவான்?" என்று சண்டை போட்டேன்.

"உள்ள போயி பாத்துட்டா வந்தேன்? தெரியலன்னா தெரியலதான். நீ வாய வெச்சி விக்கிறவன், உனக்கு எல்லாம் தெரியும். போ."

போன வருஷம் மழைக்காலத்தில் அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. கிராங்கைத் தூக்கி மாட்டிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பெங்களூர் ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப் போனேன். டாக்டர் இளம் வயது. சட்டையைக் கழற்றச் சொல்லி, முதுகில் இடது கை விரலை வைத்து அதன்மேல் வலது கை விரலால் தட்டிக்கொண்டே வந்தார். இடப் பக்கம் ஒரு சத்தம் வந்தது. வலப் பக்கம் கீழே இறங்கியதும் சத்தம் மாறியது. அண்ணன் தலையைச் சாய்த்துக் கேட்டார். கடையில் கேட்கிற அதே சாய்ப்பு. பிறகு என்னைப் பார்த்தார். நான் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தேன்.

வெளியே கூப்பிட்டு டாக்டர் சொன்னார்: நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது, எடுக்கலாம், திரும்பவும் சேரும். பழைய கல் தூசியில் நுரையீரல் இறுகிவிட்டது, அதைச் சரிசெய்ய மருந்து இல்லை. அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லாயிடும்னு நீங்களே சொல்லுங்கப்பா, நீங்க சொன்னா நம்புவாரு" என்றார். ஓட்டை உடைசலையெல்லாம் பேசியே விற்றவன் நான். உள்ளே போய்க் கட்டிலருகே நின்றேன். போர்வையைச் சரிசெய்தேன். அவரே ஆரம்பித்தார்.

"இந்தப் பக்கம் கணீர்னு கீது. அந்தப் பக்கம் மொத்து. கேட்ட இல்ல?"

"கேட்டேண்ணே."

"நல்லாயிடுமா?"

"எனக்குத் தெரியலண்ணே."

இருமலுக்கு நடுவே சிரித்தார். "சுலோச்சனா, இங்க வா. சேட்டு வாயில தெரியலன்னு வந்துச்சு. மழ கொட்டப்போவுது."

அதற்குப் பிறகு வேறு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். தனி அறை பிடித்தேன். தெரிந்தவர்களை வைத்துப் பெரிய டாக்டரைப் பார்த்தேன். எந்தப் பேரத்திலும் எதிரே ஒருத்தன் இருப்பான், அவன் முகத்தைப் பார்த்து ஏற்றி இறக்கலாம். இங்கே பேசுவதற்கு எதிரே யாரும் இல்லை. நீர் எடுத்தார்கள், சேர்ந்தது. மறுபடி எடுத்தார்கள். கடைசியில் அவரே, "போதும்பா, வூட்டுக்கு இட்டுனு போ" என்றார். இட்டுக்கொண்டு வந்தேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

நேற்று பெங்களூரிலிருந்து ஒருவர் வந்தார். நெடுநாளாகக் கேட்டிருந்த கிராங்க் கடையில் இருந்தது. அச்சுக்கோடு தேய்க்கப்பட்ட சரக்கு. தூக்கி மாட்டித் தட்டினேன். நீளமாக ஒலித்த மாதிரியும் இருந்தது, நடுவில் அறுந்த மாதிரியும் இருந்தது. மறுபடி தட்டினேன். எத்தனை தட்டியும் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. இத்தனை வருஷம் பக்கத்தில் நின்றேன், காது மட்டும் வரவில்லை.

"ஃபோர்ஜிங்தானே?" என்றார் அவர். ஆமாம் என்றிருந்தால் ஃபோர்ஜிங் விலையை எண்ணி வைத்திருப்பார்.

"எனக்குத் தெரியல சார். தெரிஞ்சவரு போன வாரம் போயிட்டாரு."

அவரிடமிருந்து என்னிடம் தங்கியது 'தெரியல' என்ற இந்த வார்த்தைதான். வியாபாரத்துக்கு உதவாத வார்த்தை. ஆனாலும் வைத்துக்கொள்ளப் போகிறேன்.

வந்தவர் வாங்கிக்கொள்கிறேன் என்றார். பேசி முடித்தது இப்படி: இப்போதைக்குக் காஸ்டிங் விலை. பெங்களூரில் அவரே சோதித்துப் பார்க்க வேண்டும். ஃபோர்ஜிங் என்று தெரிந்தால் மிச்ச விலையை ஸ்கெலட்டனுக்குப் போய் சுலோச்சனா அண்ணியின் கையில் கொடுக்க வேண்டும். விரிசல் என்றால் சரக்கை நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.