கொல்லையில் விழுந்தால் அவுட்

வேங்கிக்காலில் எங்கள் அலுவலக காம்பவுண்டுக்குள் பந்து ஒன்று வந்து விழுந்தது. வெளியே, "உள்ள வுழுந்தா அவுட்டு!" என்று பையன்கள் கத்தினார்கள். எனக்குப் பழைய எரிச்சல் கிளம்பியது.

என் சித்தப்பா காசுக்கு சிக்ஸர் அடிப்பவர். டென்னிஸ் பந்துப் போட்டி என்றால் கீழ்பென்னாத்தூர் பக்கத்து அணிகள் வேன் அனுப்பி அழைத்துப்போகும். ஒருமுறை மெட்ராஸ் கம்பெனி அணிக்கு ஆள் எடுப்பவர் எங்கள் ஊருக்கே வந்தார். பிடித்திருந்தால் சித்தப்பாவுக்கு நிரந்தர வேலை.

எங்கள் மைதானத்தை ஒட்டி வேர்க்கடலைக் கொல்லை; எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். செடி மிதிபடும் என்பதால் அங்கே பந்து விழுந்தால் அவுட். வெளியூர்களிலேயே ஆடிப் பழகிய சித்தப்பா அதை மறந்து, முதல் பந்தையே கொல்லை நடுவில் தூக்கி அடித்தார். கொல்லைக்காரர்தான் அம்பயர். விரலை உயர்த்திவிட்டார்.

"மாமா, இன்னிக்கு மட்டும் வுடுய்யா!" என்று சித்தப்பா கெஞ்சினார்.

"எம் மல்லாட்டய எவன் பாக்கறது? ரூல்னா ரூலுதான்."

வந்தவர் வாட்சைப் பார்த்தார். "ஒரு பந்தை வெச்சு என்னங்க சொல்றது?" என்று பஸ் ஏறிவிட்டார்.

வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் என்ற பெருமையோடு ஸ்கோர் எழுதிக்கொண்டிருந்தேன். சித்தப்பா பெயருக்கு நேராக என் கையாலேயே முட்டை போட்டேன்.

இப்போது காம்பவுண்டுக்குள் கிடந்த பந்தை எடுத்து மதிலுக்கு வெளியே எறிந்தேன்.

"அது சிக்ஸர்டா!"