கப்பல் ஏறிய ஊர்

மொன்றியல் பேருந்து நிலையத்தில் பாஸ்டன் பஸ்ஸுக்காக நிற்கிறேன். சுவரில் அமெரிக்கக் கிழக்குக் கரையின் வரைபடம் தொங்குகிறது. பக்கத்தில் நிற்கும் யாழ்ப்பாணத்துக்காரர் பாஸ்டனில் இருக்கும் தங்கையைப் பார்க்கப் போகிறார். வரைபடத்தை விரலால் தடவிக்கொண்டே கேட்கிறார்.

"தம்பி, பிளிமத், போர்ட்ஸ்மத், பாஸ்டன்... எல்லாம் இங்கிலாந்துப் பேராக் கிடக்கு?"

எனக்குத் தெரிந்த விஷயம், விடுவேனா.

"எல்லாம் அங்க இருக்கிற துறைமுக ஊருங்க அண்ணே. கப்பல்ல வந்தவங்க, விட்டுட்டு வந்த ஊர் பேரையே இங்க வச்சுட்டாங்க."

அவர் விரல் பிளிமத்தில் நிற்கிறது.

"நாங்களும் கனடாவுக்கு அகதியாக் கப்பல்லதான் வந்தனாங்கள்."

"எந்தத் துறைமுகத்துலேர்ந்து?"

"சொல்லக்கூடாதெண்டு கப்பல்காரன் சொல்லிப்போட்டான். தெரிஞ்சால் அங்கயே திருப்பி அனுப்பிப்போடுவாங்கள் எண்டு பயம். இங்க அதிகாரிகள் விசாரிக்கேக்க வேற பேர் சொன்னன். பேந்து அதுவே பழகிப்போச்சு. பிறகு வந்து சேர்ந்த என்ர மனுசிக்கும் உண்மையான பேர் தெரியாது."

பஸ் வருகிறது. வரிசையில் எனக்கு முன்னால் நிற்கும் அவர், படியில் கால் வைக்கும்போது திரும்பி, என் காதருகே குனிந்து அந்த ஊரின் பெயரைச் சொல்கிறார்.

இதைப் பஸ்ஸில் எழுதுகிறேன். முன் இருக்கையில் அவர் நன்றாகத் தூங்குகிறார். அந்தப் பெயரை மட்டும் நான் எழுதப்போவதில்லை.