மகளுக்காக யாரும் வாயைத் திறக்கக்கூடாது

ஐனுல்லவ்ஸ் என்ற அரபு நாட்டு ஊரில் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்தும் நதீம், சிபாரிசு ஒழிப்புச் சங்கத்தைத் தொடங்கியது வயிற்றெரிச்சலில்தான். பிரேக் எது, கிளட்ச் எது என்று தெரியாதவர்களெல்லாம் மாமனை விட்டு ஒரு வார்த்தை சொல்லவைத்து உரிமம் வாங்கிப்போய் அவன் வண்டியிலேயே மோதினால் யாருக்குத்தான் எரியாது? சங்கத்தில் சேர ஊரே வந்தது. ஆளுக்கொரு சிபாரிசோடு வந்தது. குழாய் வேலை செய்யும் ஜிர்ஜி, "உஸ்தாத், நான் யாருன்னு பாதிரியார் சொல்லியிருப்பாரே?" என்று கண்ணடித்தான். நதீம் தலையில் அடித்துக்கொண்டு அவனையும் சேர்த்துக்கொண்டான்.

அந்த வருடம் குடிநீர் அலுவலகத்தில் பொறியாளர் வேலைக்குத் தேர்வு வைத்தார்கள். ஒரே இடம். நதீமின் மகள் ரிஹாம், மின்சாரம் போகும்போதெல்லாம் பேட்டரி விளக்கை ஏற்றிக்கொண்டு படித்து அதை எழுதினாள். எழுதிவிட்டு வந்து அப்பாவிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"யாரும் எனக்காகப் பேசக்கூடாதுப்பா. நானா ஜெயிக்கணும்."

"நான் பேசுவேனா? நான் யாரு, சங்கத் தலைவர்!"

அவன் பேசவில்லைதான். ஆனால் ஊர் சும்மா இருக்குமா? பாசத்தில் ஆளாளுக்குக் கிளம்பிவிட்டார்கள். ரொட்டிக் கடைக்காரர் அந்த அலுவலகத்தில் இருக்கும் தன் மச்சானிடம் சொல்லிவைத்தார். சங்கத்தின் பொருளாளர் அம்மணியோ, "தலைவர் பொண்ணுக்குச் செய்யலன்னா அப்புறம் சங்கம் எதுக்கு?" என்று நேரே தேர்வு அதிகாரியின் மனைவியைப் பார்த்துவிட்டு வந்தாள். நதீமுக்குத் தூக்கம் போயிற்று. இத்தனை வாய்களையும் அடைக்க ஒரு பெரிய வாய்தான் வேண்டும் என்று அவனுக்குப் பட்டது. தொகுதி எம்.பி.யைப் பார்த்து, சிபாரிசையெல்லாம் நிறுத்தச் சொல்லலாம் என்று போனான்.

"யார் சொல்லி வந்தீங்க?" என்றார் எம்.பி.யின் செயலாளர்.

"யாரும் சொல்லல."

"அப்ப எப்படிப் பார்க்க முடியும்?"

வேறு வழியில்லாமல் ஜிர்ஜியின் பாதிரியாரைப் பிடித்துச் சொல்லவைத்தான். கதவு திறந்தது, ஏலக்காய் மணக்கும் காப்பியும் வந்தது.

"ஐயா, என் பொண்ணு ரிஹாமுக்கு யாரும் சிபாரிசு பண்ணக்கூடாது. நீங்கதான் தடுக்கணும்."

எம்.பி. நெகிழ்ந்துபோனார். "இவ்வளவுதானே? என் கண்ணு மேல வச்சுச் செய்றேன்" என்று அங்கேயே தேர்வு அதிகாரிக்கு ஃபோன் போட்டார். "ரிஹாம்னு ஒரு பொண்ணு. நம்ம நதீமோட மக. அவளுக்கு யார் சிபாரிசும் வேண்டாம். நானே சொல்றேன், புரியுதா?"

அதிகாரிக்கு நன்றாகவே புரிந்தது. மறுவாரம் வேலை ரிஹாமுக்கு என்று அறிவித்தார்கள். வீடு நிறைய ஆட்கள், தட்டுத் தட்டாக சனியூரா பிஸ்கட். "சங்கம்னா இதுதான் சங்கம்!" என்று ஜிர்ஜி நதீமைக் கட்டிப்பிடித்து முத்தமிட்டான்.

ரிஹாம் மட்டும் சிரிக்கவில்லை. "என் மார்க்கு எத்தனைன்னு கேட்டுட்டு வாங்கப்பா" என்றாள்.

நதீம் அந்தக் கூட்டத்தை விட்டு அப்படியே குடிநீர் அலுவலகத்துக்குப் போனான். தேர்வு அதிகாரி எழுந்து நின்று வரவேற்றார்.

"மார்க்கா? எம்.பி.யே சொன்னதுக்கப்புறம் பேப்பரைத் திருத்துவோமா உஸ்தாத்? அவருக்கு எவ்வளவு அவமரியாதை! யாரோட பேப்பரையுமே திருத்தல."

"இப்பத் திருத்துங்களேன்."

"முறையில்லை." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "உங்களுக்கு அவ்வளவு ஆசைன்னா, எம்.பி.யை ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க. திருத்திடலாம்."

நதீம் வீட்டுக்கு வந்தபோது விருந்து இன்னும் கலையவில்லை. சமையலறையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த மகளிடம் போய் நின்றான். பொய் சொல்ல வாய் வரவில்லை.

"பேப்பரைத் திருத்தவே இல்லியாம், அம்மா."

ரிஹாம் குழாயை மூடினாள். வெளியே யாரோ சங்கத் தலைவர் வாழ்க என்று கத்தினார்கள்.

"நான் நல்லாத்தாம்பா எழுதியிருந்தேன்" என்றாள்.